அஞ்சு கேஜி தண்ணி: பொம்பெயி தூண்களும் எங்கள் வீட்டு ஷாஃப்டும்

போன மார்கழியில் ஒரு ராத்திரி, மணி ரெண்டரை இருக்கும். மழை பெய்யுதுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் கண் முழிச்சேன். காலைக் கீழே வைத்ததும் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். வாஷிங் மெஷினுக்குப் போகிற கனெக்‌ஷன் பைப் வாயைப் பிளந்துகொண்டு சுவரைப் பார்த்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வால்வைத் தேடிப்போய் மூடுவதற்குள், கூடத்தில் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த புத்தகங்கள் ஊறிவிட்டன. அதில் அப்பாவின் கையெழுத்தில் இருந்த ஆறு நோட்டுகளும் அடக்கம். பேனா மை. சொல்ல வேண்டியதில்லை, நாலு நோட்டு வெறும் நீலத் தாளாகிவிட்டது.

காலையில் பிளம்பர் வந்தார். பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர், "பைப் நல்ல பைப்புதான் சார். பிரஷர் ஜாஸ்தி. ஷாஃப்டுல பி.ஆர்.வி. இருந்துச்சே, அது எங்கே?" என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறு மாதம் முன்னால் அது ஒழுகுகிறது என்று கழற்றிப் போனவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. அந்த இடத்தில் நேர்க்குழாய் ஒன்றைச் சொருகி, பக்கத்தில் இருந்த கேட் வால்வைப் பாதி மூடிவைத்துவிட்டு, "பிரஷர் குறைச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குறைந்த மாதிரிதான் இருந்தது. ஷவரில் தண்ணீர் மெதுவாகத்தானே வந்தது!

எங்கள் கட்டடம் 17 மாடி. நாங்கள் முதல் மாடி. மொட்டைமாடித் தொட்டிக்கும் எங்கள் குழாய்க்கும் நடுவில் ஏறத்தாழ 50 மீட்டர் உயரம். 10 மீட்டர் உயரத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கிலோ அழுத்தும். பிளம்பர்கள் "ஒரு கேஜி பிரஷர்" என்று சொல்வது இதைத்தான். பார் என்கிற அளவும் கிட்டத்தட்ட அதேதான். ஆக எங்களுக்கு அஞ்சு கேஜி. வால்வு பாதி மூடியிருக்கும்போது அது எப்படி அஞ்சாகவே இருந்தது என்கிற கேள்விதான் என்னை அடுத்த ரெண்டு மாதம் படிக்க வைத்தது. அந்தக் கேள்விக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே கல்லும் ஈயமுமாகப் பதில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பொம்பெயி நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிப் புதைத்த ஊர். அந்த ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. வடக்கே வெசுவியஸ் வாசல்தான் மேட்டுப் பகுதி, தெற்கே ஸ்டாபியா வாசல் பள்ளம். ரெண்டுக்கும் இடையே சுமார் 35 மீட்டர் இறக்கம். கால்வாயில் வரும் தண்ணீர் மேட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் கட்டடத்துக்குள் நுழைந்து, வலையில் சலிக்கப்பட்டு, மூன்று வழியாகப் பிரிந்து கிளம்பும். அங்கிருந்து ஊர் முழுக்க ஈயக் குழாய்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே மூடிய குழாய் போட்டால், பள்ளத்தில் இருக்கிறவன் வீட்டில் மூன்றரை கேஜி. நம்ம காலத்து ஜி.ஐ. பைப்புக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஈயத்துக்கு? ரோமானியர் ஈயக் குழாயை வார்த்து எடுக்கவில்லை. ஈயத்தைத் தகடாக ஊற்றி, அதை ஓர் உருளை மேல் சுருட்டி, நீளவாக்கில் விளிம்புகளைச் சேர்த்துப் பற்றவைத்தார்கள். அதனால் குழாய் வட்டமாக இருக்காது, பேரிக்காய் வடிவத்தில் இருக்கும். அந்த நீள ஒட்டுதான் அதன் பலவீனம். பிளம்பர் என்ற சொல்லே ஈயத்தின் லத்தீன் பெயரான 'பிளம்பம்' என்பதிலிருந்து வந்ததுதான்.

விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் தன் நூலின் எட்டாவது பகுதியில் இந்தக் குழாய்களுக்கு எடைப் பட்டியல் கொடுத்திருக்கிறார். குழாயின் பெயரே சுருட்டுவதற்கு முன் தகட்டின் அகலம் எத்தனை விரற்கடை என்பதுதான். 100 விரற்கடைத் தகட்டில் செய்த 10 அடிக் குழாய் 1200 ராத்தல். 5 விரற்கடைக் குழாய் 60 ராத்தல். இந்த ரெண்டு எண்ணையும் பார்த்தவுடன் நான் காகிதத்தை எடுத்துவிட்டேன். 1200ஐ 100ஆல் வகுத்தாலும் 12, 60ஐ 5ஆல் வகுத்தாலும் 12. அதாவது பெரிய குழாய்க்கும் சின்னக் குழாய்க்கும் ஒரே தகட்டுக் கனம்! ரோம ராத்தலையும் அடியையும் நம்ம அளவுக்கு மாற்றினால் அந்தக் கனம் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வருகிறது.

ஒரே கனம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழாய்ச் சுவர் படுகிற இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் குழாயின் விட்டத்தையும் பெருக்கிய அளவில் ஏறும். கனம் மாறாவிட்டால், 20 மடங்கு அகலமான குழாயின் சுவர் 20 மடங்கு அதிகமாக இழுபடும். என் கணக்கில் மூன்றரை கேஜிக்கு அந்த 100 விரற்கடைக் குழாயின் சுவரில் சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோவுக்கு மேல் வருகிறது. ஈயம் கிழிகிற எல்லையே அதற்குப் பக்கத்தில்தான். 5 விரற்கடைக் குழாயில் வெறும் 8 கிலோ. சின்னக் குழாய் சிரித்துக்கொண்டே தாங்கும், பெரிய குழாய் வெடிக்கும்.

ரோமானியர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் அனுபவத்தில் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பிரான்ஸில் லியோன் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஜியே கால்வாய் ஒரு பெரிய பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. 120 மீட்டருக்கு மேல் ஆழம், அதாவது 12 கேஜி. அங்கே அவர்கள் ஒரு பெரிய குழாய் போடவில்லை. சின்ன ஈயக் குழாய்களைப் பக்கம் பக்கமாக வரிசையாகப் போட்டார்கள். அதற்கும் முன்னால் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமோன் நகரத்துக் கிரேக்கர்கள் கிட்டத்தட்ட 200 மீட்டர் ஆழப் பள்ளத்தில் உலோகக் குழாயை இறக்கி, துளையிட்ட கற்களுக்குள் அதைப் பூட்டி, மறுகரை மேட்டில் தண்ணீரை ஏற்றியிருக்கிறார்கள். ஆகவே பழங்காலத்தவருக்கு அழுத்தம் என்றாலே பயம் என்று சொல்வது சரியில்லை. காசும் ஈயமும் நிறைய இருந்தால் சமாளித்தார்கள். ஊருக்குள்ளே, வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு அப்படிச் செலவழிக்க முடியாது. அங்கே வேறு வழி.

பொம்பெயிக்குப் போனவர்கள் அந்த வழியைப் பார்த்திருப்பார்கள், என்னவென்று தெரியாமலே கடந்தும் போயிருப்பார்கள். தெருமுனைகளில் சதுரமான உயரத் தூண்கள் நிற்கின்றன. சுமார் 6 மீட்டர் உயரம். ஒரு டஜனுக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாகப் பள்ளமான காடி வெட்டியிருக்கும். அந்தக் காடியில் குழாய்கள் பதிந்திருந்தன. தூணின் தலையில் ஓர் ஈயத் தொட்டி. மேட்டிலிருந்து வரும் குழாய் தூண் மேல் ஏறி அந்தத் தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். தொட்டியிலிருந்து வேறு குழாய்கள் இறங்கி, தெருக் குழாயடிக்கும் வீடுகளுக்கும் அடுத்த தூணுக்கும் போகும்.

பார்த்தால் அபத்தமாகத் தோன்றும். கஷ்டப்பட்டு இறக்கத்தில் வந்த தண்ணீரை எதற்கு மறுபடி 6 மீட்டர் மேலே ஏற்றணும்? ஏற்றுவது முக்கியமில்லை, திறந்த தொட்டியில் கொட்டுவதுதான் முக்கியம். தண்ணீர் காற்றைப் பார்த்த நொடியில் அது சேர்த்து வைத்திருந்த அழுத்தம் எல்லாம் பூஜ்யம். அங்கிருந்து புதுக் கணக்கு. கீழே குழாயடியில் அந்தத் தூணின் உயரம் மட்டும்தான் அழுத்தம், ஆறு மீட்டர், அதாவது முக்கால் கேஜிக்கும் குறைவு. அந்த வீட்டுக்காரர் தன் குழாயை ராத்திரி முழுக்க மூடி வைத்தாலும் அது ஏறாது. அடுத்த தூண் இன்னும் சரிவில் கீழே. அங்கே போய் மறுபடி கொட்டி மறுபடி பூஜ்யம். 35 மீட்டரை ஒரே படியாகக் குதிக்காமல் படிப்படியாக இறங்குகிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். நான் வளர்ந்த வீடு மாடி வைத்த சாதாரண வீடு. கார்ப்பரேஷன் தண்ணி சம்ப்பில் விழும், மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றணும், அங்கிருந்து குளியலறைக்கு இறங்கும். தொட்டிக்கும் குழாய்க்கும் அஞ்சாறு மீட்டர். "இந்தப் பைப்புல பிரஷரே இல்லடா" என்று அம்மா தினமும் புலம்புவார். அம்மா புலம்பின பிரஷரும் பொம்பெயிக்காரன் வாழ்ந்த பிரஷரும் ஒன்றேதான்.

தூண் முறையில் ஒரு குறை உண்டு. வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகமானால் தொட்டி நிரம்பி வழியும். ஃபுளோட் வால்வு கிடையாதே! பொம்பெயி தூண்களின் பக்கங்களில் இன்றைக்கும் சுண்ணாம்புப் படிவு கட்டியாக ஒட்டியிருக்கிறது. வருஷக்கணக்கில் வழிந்த தண்ணீரின் தடம். பொதுக் குழாயடிகளும் நாள் முழுக்க ஓடிக்கொண்டே, வழிந்து, தெருவைக் கழுவிக்கொண்டிருந்தன. நம்ம ஊர்க் கண்ணுக்கு அது வீண். அவர்கள் ஏற்பாட்டில் அந்த வழிசல்தான் பாதுகாப்பு வால்வு.

"தண்ணீர் ஈயக் குழாயில் தன் ஊற்றின் உயரம் வரை ஏறும்" என்கிற விஷயத்தை மூத்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். அதே வெசுவியஸ் வெடிப்பில்தான் அவரும் செத்தார், கரையில் மாட்டியவர்களை மீட்கக் கப்பலில் போய். விட்ருவியஸ் கொஞ்சம் வேறு மாதிரி. குழாயின் வளைவுகளில் வெடிப்பு வருவதற்கு உள்ளே அடைபட்ட காற்றின் வேகம்தான் காரணம் என்று நம்பினார். காரணம் முழுக்கச் சரியில்லை. வைத்தியம் நன்றாகவே இருக்கிறது: வளைவுகளைக் கல்லால் இறுக்கிப் பிடி, முதல் தடவை தண்ணீர் விடும்போது மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக விடு, அதற்கு முன்னால் சாம்பலைப் போட்டு அனுப்பு, சின்னக் கசிவுகளை அது அடைத்துவிடும். புது லைன் போட்டவுடன் மெயின் வால்வைப் படக்கென்று திறக்காதே என்று இன்றைக்கும் பிளம்பர்கள் சொல்வார்கள்.

இந்தத் தூண் யோசனை ரோமோடு போய்விடவில்லை. ஒட்டமான் காலத்து இஸ்தான்புல்லில் இதே மாதிரி கோபுரங்கள் கட்டினார்கள். துருக்கியில் அதற்குப் பேர் 'சு தெராசிசி'. தண்ணீர்த் தராசு என்று அர்த்தம். (நம்ம தராசும் அவர்கள் தெராசியும் பாரசீகத்திலிருந்து வந்த ஒரே சொல்தான்.) இஸ்தான்புல் தெருக்களில் சில இன்னும் நிற்கின்றன.

இப்போது எங்கள் வீட்டுப் பாதி வால்வுக்கு வருகிறேன். கேட் வால்வைப் பாதி மூடினால் ஓடுகிற தண்ணீர் அந்த இடுக்கில் நெரிபட்டு அழுத்தத்தை இழக்கும். ஓடுகிற வரைக்கும்தான். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடித் தூங்கப் போகிறோம். ஓட்டம் நின்றதும் நெரிசலும் நின்றுவிடும். இடுக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதன் வழியே அழுத்தம் மெல்லக் கசிந்து ரெண்டு பக்கமும் சமமாகிவிடும். தண்ணீர் நிற்கிறபோது அதன் அழுத்தத்துக்கு உயரம் மட்டும்தான் தெரியும், குழாயின் அகலமோ வளைவோ வால்வின் திருகலோ தெரியாது. சைமன் ஸ்டெவின் என்கிற டச்சுக்காரர் 1586லேயே இதை எழுதினார். ஆக பகலில் ஷவரைப் பார்த்து "குறைஞ்சிடுச்சு" என்று நாங்கள் திருப்திப்பட்ட அதே அழுத்தம், ராத்திரி ரெண்டரைக்கு அஞ்சு கேஜியாக அந்த ரப்பர் பைப்புக்குள் உட்கார்ந்திருந்தது.

ஆனால் அஞ்சு கேஜிக்கே நல்ல பைப் வெடிக்குமா? நல்லதென்றால் அதைவிட அதிகமாகவே தாங்கும். அப்படியானால் அதை மாதக்கணக்கில் நோகடித்தது வேறு ஏதோ இருக்கணும். இங்கேதான் 'டக்' சத்தம் வருகிறது. வாஷிங் மெஷின் தண்ணீர் எடுத்து நிறுத்தும்போது சுவருக்குள் யாரோ சுத்தியால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மெஷின் பழசாகிவிட்டது என்று நினைத்தோம்.

பிரிஸ்டல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றி 19ஆம் நூற்றாண்டு நீரியல் புத்தகங்களில் ஒரு கதை வரும். கட்டடத்தின் நடுத்தளத்தில் இருந்த தொட்டியிலிருந்து கீழே சமையலறைக்கு ஈயக் குழாய் போட்டார்கள். குழாயடியைத் திறந்து மூடும்போதெல்லாம் குழாய் வெடித்தது. எத்தனை தடவை ஒட்டினாலும் அதே கதை. கடைசியில் பிளம்பர் ஒரு யோசனை பண்ணினார். குழாயடிக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னக் குழாயை ஒட்டி, அதைத் தொட்டி உயரத்துக்கு மேலே கொண்டுபோய்த் திறந்துவிட்டார். அதிர்ச்சி அதன் வழியாக வெளியேறட்டும் என்று. கீழே குழாயை மூடியதும் மேலே அந்தத் திறந்த வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டது! தொட்டியைவிட உயரத்துக்கு! சரி, இன்னும் உயர்த்துவோம் என்று உயர்த்தினார்கள். அங்கேயும் வந்தது. முடிவில் மேல் மாடியில் ஒரு தொட்டியையே வைத்து, கீழே சமையலறையில் குழாயைத் திறந்து மூடும்போதெல்லாம் மேலே தண்ணீர் நிரப்பிக்கொண்டார்களாம்.

கதையில் உப்பு புளி கொஞ்சம் கூடியிருக்கலாம். அதன் அறிவியல் நூற்றுக்கு நூறு உண்மை. ஜான் வைட்ஹர்ஸ்ட் என்ற கடிகாரத் தொழிலாளி 1772இல் இங்கிலாந்தில் செஷயர் பக்கம் இதே தத்துவத்தில் தண்ணீரை மேலேற்றினார். கையால் குழாயைத் திறந்து மூடணும். 1796இல் பிரான்ஸில் ஜோசப் மாங்கோல்ஃபியே அதைத் தானாகவே திறந்து மூடிக்கொள்ளும்படி செய்தார். ஆமாம், 1783இல் சூடான காற்று பலூன் விட்ட அதே மாங்கோல்ஃபியே சகோதரர்களில் ஒருவர். தன் காகித ஆலைக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக. முட்டித் தள்ளுவதால் அதற்கு 'பெலியே' என்று பேர் வைத்தார், பிரெஞ்சில் செம்மறிக்கடா. ஒருத்தன் வீட்டில் குழாயை வெடிக்க வைக்கிற அதே முட்டு, இன்னொருத்தனுக்குக் கரண்ட் இல்லாத பம்ப்.

இதை எண்ணாக மாற்றியவர் ரஷ்யரான நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி. ரஷ்ய விமானவியலின் தந்தை என்று அவரைக் கொண்டாடுவார்கள். 1897-98இல் மாஸ்கோ நகரத் தண்ணீர் நிலையத்தில் வெவ்வேறு அகலமுள்ள நீண்ட இரும்புக் குழாய்களைத் தரைக்கு மேலே விரித்துப்போட்டு, வால்வைத் திடீரென்று மூடி மூடி அளந்தார். அவர் கண்டது இதுதான்: ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், அதன் வேகம் அழுத்தமாக மாறி, ஓர் அலையாகக் குழாய்க்குள் பின்னோக்கி ஓடும். இரும்புக் குழாயில் அந்த அலையின் வேகம் நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை நிறுத்தினால் சுமார் 12 கேஜி கூடுதல் அழுத்தம். ரெண்டு மீட்டர் என்றால் 24. இது ஏற்கெனவே இருக்கிற அழுத்தத்துக்கு மேலே! பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். அதுவும் சின்ன விஷயமில்லை.

தப்பிக்க ஒரு வழியையும் அவர் கணக்கே சொல்கிறது. அந்த அலை குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தைவிட மெதுவாக மூடினால் அடி குறையும். வாஷிங் மெஷினில் இருக்கும் மின் வால்வு மூடுவது கண் இமைக்கும் நேரத்தில். அழுத்தம் அதிகமான வீட்டில் தண்ணீரின் வேகமும் அதிகம், வேகம் அதிகமானால் முட்டும் அதிகம். அந்த 'டக்' எங்களுக்கு ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

'மெதுவாக மூடு' என்பதை ஜுகோவ்ஸ்கிக்கு முன்னாடியே ஒரு பித்தளைப் பட்டறை கையில் செய்து காட்டிவிட்டது. பொம்பெயி காலத்திலிருந்து குழாய் என்றால் ஒரு துளையிட்ட கட்டை, கால் திருப்பு திருப்பினால் திறக்கும், திருப்பிவிட்டால் மூடும். படக் படக். 1845இல் இங்கிலாந்தின் ராதரம் ஊரில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற நிறுவனம் திருகிக் கீழிறக்கும் குழாய்க்குக் காப்புரிமை வாங்கியது. நாலைந்து சுற்று சுற்றினால்தான் மூடும், அடியில் வாஷர் உட்காரும். நாம் சின்ன வயசில் பார்த்த எல்லாத் திருகுகுழாயும் இந்த வம்சம்தான். இப்போது ஃபேஷன் என்று கால் திருப்புக் குழாய்க்கே எல்லாரும் திரும்பிவிட்டோம். வழவழவென்று அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் குழந்தைகள் அதைத் தட்டி மூடுகிறபோது என் மனசும் சேர்ந்து டக் என்கிறது.

அந்தக் குழாய் ஏன் 1840களில் வந்தது என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. அன்றைய லண்டன் கிட்டத்தட்ட நம்ம சென்னை மாதிரி. தண்ணீர் கம்பெனிகள் ஒரு நாளில் சில மணி நேரம்தான் விடும். வந்ததை வீட்டுக்கு வீடு தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ளணும். எப்போதும் அழுத்தத்தோடு விட்டால் வீட்டுக் குழாய்கள் வெடிக்கும், தண்ணீர் வீணாகும் என்பது கம்பெனிகளின் வாதம். ஆனால் நாட்டிங்காமில் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற இளம் பொறியாளர் 1831இலேயே 24 மணி நேரமும் உயர் அழுத்தத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். 1844இல் நகரச் சுகாதாரம் பற்றிய அரசாங்கக் குழுவின் முன்னால் அவர் சாட்சி சொன்னார்: குழாய்களும் பொருத்தல்களும் ஒழுங்காக இருந்தால், மேற்பார்வை இருந்தால், நிற்காமல் வரும் தண்ணீர்தான் சிக்கனம். விட்டு விட்டு வருகிற லைனில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியே சாக்கடை உள்ளே போகும். லண்டன் முழுக்க அந்த நிலைக்கு வர நூற்றாண்டின் கடைசிவரை ஆனது.

நியூயார்க்கில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1842இல் குரோட்டன் கால்வாய் வந்தது. 42ஆம் தெருவில், இப்போது பெரிய பொது நூலகம் இருக்கிற இடத்தில் ஒரு நீர்த்தேக்கம். மலையிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம் அஞ்சாறு மாடி வரைக்கும்தான் ஏறும். கட்டடங்கள் அதைத் தாண்டியதும் மொட்டைமாடியில் மரத் தொட்டி வைத்தார்கள். சினிமாவில் பார்த்திருப்பீர்கள், கூம்புக் குல்லா போட்ட மரப் பீப்பாய்கள். வானளாவிகள் வந்தபோது மேல் தொட்டி கீழ் மாடிகளுக்கு வினையானது. 300 மீட்டர் கட்டடத்தில் ஒரே தொட்டி என்றால் தரைத்தளத்தில் 30 கேஜி. எனவே நடுநடுவே ஒரு தளத்தில் தொட்டி வைத்து அங்கே தண்ணீரைக் கொட்டி, அங்கிருந்து அடுத்த சில மாடிகளுக்கு இறக்கினார்கள். பொம்பெயி தெரு, நிமிர்த்தி வைத்த மாதிரி.

தொட்டிக்கு இடம் வேணுமே, சதுர அடிக்கு இவ்வளவு என்று விற்கிற காலத்தில்? அங்கேதான் பி.ஆர்.வி. வருகிறது, அழுத்தம் குறைக்கும் வால்வு. இதன் பரம்பரை நீராவி. 1874இல் அமெரிக்காவில் லாரன்ஸ் என்ற நெசவாலை ஊரில் ஜோசப் வாட்ஸ் தொடங்கிய பட்டறை நீராவி ஒழுங்குபடுத்திகள் செய்தது (ஜேம்ஸ் வாட் வேறு, இவர் வேறு). அந்தக் கம்பெனி இன்றைக்கும் தண்ணீர் வால்வு செய்கிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதன் மேலே ஸ்பிரிங், கீழே ஒரு சின்ன மூடி. வீட்டுப் பக்கத்து அழுத்தம் ஏறினால் அது சவ்வை மேலே தள்ளும், சவ்வு மூடியை இழுத்து வழியை அடைக்கும். குழாயைத் திறந்து வீட்டுப் பக்கம் அழுத்தம் இறங்கினால் ஸ்பிரிங் மூடியைத் திறக்கும். கேட் வால்வுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஓட்டம் நின்றாலும் இது காவல் காக்கும். 6 மீட்டர் தூணும் ஈயத் தொட்டியும் செய்த வேலையை உள்ளங்கை அகலப் பித்தளைக் கட்டி செய்கிறது. அமெரிக்கக் குழாய் விதிகளில் நின்ற நிலை அழுத்தம் 80 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால், அதாவது ஏறத்தாழ ஐந்தரை கேஜி, இது கட்டாயம். தூணுக்கு இல்லாத நோய் ஒன்று இதற்கு உண்டு. உள்ளே சல்லடையில் மண்ணும் சுண்ணாம்பும் அடைக்கும், மூடியின் இருக்கையில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், ராத்திரி மெல்ல மெல்ல அழுத்தம் ஏறிவிடும். வருஷத்துக்கு ஒரு முறையாவது கழற்றிக் கழுவணும். எங்கள் கட்டடத்தில் கட்டின நாளிலிருந்து கழுவியதே இல்லை.

பிளம்பர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. பி.ஆர்.வி. மாட்டினால் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் திரும்பி மேலே போக வழி இருக்காது, சில வகைகளில். கீசர் போட்டால் தண்ணீர் விரியும், விரிந்தது போக இடமில்லாமல் வீட்டுக்குள் அழுத்தம் ஏறும். கீசரின் அடியில் இருக்கும் சின்ன சேஃப்டி வால்வு சொட்டுச் சொட்டாக விடுவது அதனால்தான். "ஒழுகுது" என்று அதில் மட்டும் டம்மி வைத்து அடைக்கவே கூடாது. "அடைச்சீங்கன்னா அது கீசர் இல்ல சார், குண்டு" என்றார்.

புது பி.ஆர்.வி. மாட்டி, பக்கத்திலேயே ஒரு கேஜும் வைக்கச் சொன்னேன். மேல் பக்கம் 4.9 காட்டியது. ஸ்பிரிங் திருகைத் திருப்பித் திருப்பி வீட்டுப் பக்கத்தை ரெண்டரையில் நிறுத்தினார். நம்பிக்கை வராமல் அன்றைக்கு ராத்திரி ரெண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து, டார்ச் அடித்து ஷாஃப்டுக்குள் பார்த்தேன். ரெண்டரையிலேயே நின்றது. மறுநாள் வாஷிங் மெஷின் ஓடியபோது 'டக்' வந்தது, முன்னைக்குப் பாதிதான். அதற்கு வால்வுக்குப் பக்கத்தில் காற்று அடைத்த ஒரு சின்ன சிலிண்டர் மாட்டணுமாம். சொல்லி வைத்திருக்கிறேன்.

எதிர் வீட்டில் எண்பது வயசுப் பெரியவர் ஒருவர். அவர் வீட்டு ஷாஃப்டிலும் அதே நேர்க்குழாயும் பாதி வால்வும்தான். "எங்க வீட்ல பிரஷர் கம்மியாத்தான்பா வருது, எனக்கு எதுக்கு?" என்றார். கேஜைக் கழற்றிக்கொண்டு போய் அவர் குளியலறைக் குழாயில் மாட்டி, எல்லாத்தையும் மூடி, அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலே முக்காலைத் தாண்டியதும், "அந்தப் பிளம்பர் தம்பி நம்பரைக் குடு" என்றார்.